தெத்சுவின் அம்மாவுக்கு ஒரு குரல்

மனைவி சொர்ணத்தைக் குருவையா கடைசியாக உயிரோடு பார்த்தபோது அவள் அவரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். பெரிய சண்டை ஒன்றுமில்லை, ஒரே ஒரு வரியைப் பற்றிய சண்டை. பெண்கள் வார்டில் ஜன்னலோரக் கட்டில். சாயங்காலம் ஐந்தரை மணி. பார்க்க வந்தவர்களைக் கிளம்பச் சொல்லி மணி அடித்தாகிவிட்டது. அவர் படத்துக்கு வசனம் எழுதும் நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு, "நான் சமைக்கும்போதே சாப்பிட்டுவிட்டேன்" என்று படித்துக் காட்டினார். அவள் மூக்குக் குழாயை ஒரு விரலால் ஒதுக்கிக்கொண்டு, "எவ இப்படிச் சொல்லுவா? சமைக்கும்போதே தின்னுட்டேன்னு ஒரு பொம்பள பெத்த பிள்ளைகிட்டச் சொல்வாளா? அது அடுப்படித் திருட்டுல்ல?" என்றாள். "இங்கிலீஷ்ல அப்படித்தான் போட்டிருக்கான்." "இங்கிலீஷ்ல போட்டவனுக்கு அவன் அம்மா சோறு போட்டிருக்க மாட்டா. அடிங்க அதை." அவர் அடித்தார். அடித்த இடத்தைத் தாண்டி ஒரு வரி வெற்றாக விட்டார். "சரி, வேற என்னதான் சொல்லுவா, நீயே சொல்லு." அவள் கண்ணை மூடிக்கொண்டாள். தூங்கிவிட்டாளோ என்று நினைத்தார். நர்ஸ் வந்து, "தாத்தா, ரவுண்ட்ஸ் வர்ற நேரம், கிளம்புங்க" என்றபோது அவள் கண்ணைத் திறக்காமலே சிரித்தாள். "காலையில வாங்க, சொல்றேன். நல்லா ஒண்ணு வச்சிருக்கேன்." "இப்பவே சொல்லேன்." "போங்க. கேட்டவுடனே சொன்னா மதிப்பிருக்காது." காலி பிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு அவர் படியிறங்கினார். விடிவதற்கு முன்பே போன் வந்துவிட்டது. பதினோரு மாதம் ஆயிற்று. என்ன வைத்திருந்தாள், எந்த வார்த்தையை வைத்திருந்தாள் என்று குளிக்கும்போதும் பால் வாங்கப் போகும்போதும் தேடிப் பார்த்தாகிவிட்டது. நாற்பத்து மூன்றாம் பக்கத்தில் அந்த வரி இன்னும் வெற்றாகத்தான் இருக்கிறது. இதோ படம் தொடங்கிவிட்டது. விளக்கை அணைத்துவிட்டார்கள். அவருக்கு முன்னால் மேசை விளக்கு, மைக், நோட்டு. பக்கத்தில் யாரோ பழக்கத்தில் போட்டுவிட்ட இரண்டாவது ஸ்டூல். இன்னும் எழுபது நிமிடம் இருக்கிறது நாற்பத்து மூன்றாம் பக்கத்துக்கு. எழுபது நிமிடத்துக்குள் ஒரு வரி கிடைக்காதா மனுஷனுக்கு.

சங்கக் கட்டடத்தின் மாடி இது. கீழே வாரம் ஆறு நாளும் பேண்டேஜ் துணி மடித்துக் கட்டுகிறார்கள். மாடி வரைக்கும் அந்தத் துணியின் கஞ்சி வாடை வரும். மாதத்துக்கு ஒரு ஞாயிறு மதியம் மூன்று மணிக்குப் படம். முதலில் ஆண்கள்தான் வந்தார்கள், அதுவும் பதினைந்து பேர், திரைக்கடியில் வருகிற இங்கிலீஷ் எழுத்தை ஓடஓடப் படிக்கத் தெரிந்தவர்கள். ஒருநாள் சொர்ணம் கூட வந்து உட்கார்ந்து, "அவன் என்ன சொன்னான், இவ என்ன சொன்னா" என்று கேட்டுக்கொண்டேயிருக்க, அவர் அவள் காதில் சொல்லிக்கொண்டேயிருக்க, முன்வரிசையிலிருந்து ஒருவர் திரும்பி, "சொல்றதுதான் சொல்றீங்க, சத்தமாச் சொல்லுங்களேன்" என்றார். அப்படித் தொடங்கியதுதான். படத்தின் சத்தத்தைக் குறைத்துவிட்டு, திரைக்குப் பக்கவாட்டில் உட்கார்ந்து, ஆண்களுக்கெல்லாம் அவர், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் சொர்ணம். அவர் மில்லில் பிட்டராக இருந்தவர். மிஷினோடு வந்த புத்தகத்தைப் படித்துப் படித்து இங்கிலீஷ் கற்றுக்கொண்டவர், அதனால் அவர் முதலில் எழுதிய வசனமெல்லாம் எண்ணெய் போடச் சொல்லும் குறிப்பு மாதிரி இருக்கும். அதைப் பேச்சாக்கினவள் அவள். மூன்றே மாதத்தில் துணி மடிக்கிற பெண்கள் மாடிக்கு வந்துவிட்டார்கள், பாய் போட்டு உட்கார வேண்டியதாயிற்று. அவள் போன பிறகு குரலும் நின்றது, பெண்களும் நின்றார்கள். செயலாளர் ஜெயசீலன், கல்லூரியில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர், நல்ல மனிதர்தான். போன வாரம் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "அண்ணாச்சி, வருத்தப்படாதீங்க. ஒரு தடவ முயற்சி பண்ணுவோம். சரிப்பட்டு வரலைன்னா இந்தக் குரல் கொடுக்கிற ஏற்பாட்டை இதோட விட்டுருவோம். எழுத்தைப் படிக்கத் தெரிஞ்சவங்க பார்த்துக்கட்டும்." அப்படியென்றால் இன்றைக்குத் திரும்ப வந்திருக்கிற இந்த ஐம்பது அறுபது பெண்களுக்கும் கீழ்த்தளம்தான், மாடி கிடையாது. அவருக்கு அது தெரியும். ஜெயசீலனுக்கும் தெரியும். பாயில் உட்கார்ந்து பட்டாணி கொறிக்கிற அவர்களுக்குத் தெரியுமோ என்னவோ. வந்ததும் வராததுமாக குருபாக்கியம், மடிப்புப் பகுதியில் எல்லோருக்கும் மேலே குரல் கேட்கிறவள், அவரைப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, பொம்பளைக்கும் இன்னைக்கு நீங்கதானா? அப்ப மீசையை எடுத்துட்டு வந்திருக்கலாம்ல?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்துவைத்தார். கை மட்டும் மீசைக்குப் போய்த் தடவிப் பார்த்துவிட்டு இறங்கியது.

ஜப்பான் தேசத்து ஊர், யுத்தம் முடிந்த சமயம். பெரிய புகைபோக்கி வைத்த ஒரு குளிப்புக் கடை. அந்தக் கடைக்காரர் மகன் மினோரு. ஊருக்கு வெளியே தண்டவாளத்தில் யாரும் தேடாத ஒரு பழைய ரயில்பெட்டி, அதற்குள் வீடு. அந்த வீட்டுப் பையன் தெத்சு. படத்துக்கு ஜப்பான் பாஷையில் வேறு ஏதோ பெயர். 'ரயில்பெட்டி வீடு' என்று பெயர் வைத்தவள் சொர்ணம், இரண்டே சொல்லில், இட்லி எடுத்து வைக்கிற நேரத்தில். "வாங்க வாங்க, தண்ணி நல்லாக் கொதிச்சிருக்கு" என்று குளிப்புக் கடைக்காரருக்குப் பேசினார். இது அவருக்குச் சுலபம், கட்டைக் குரல். "காசு குடுத்துக் குளிக்கவா?" என்று இருட்டிலிருந்து ஒருத்தி கேட்டாள். "ஆமா, உனக்கெல்லாம் காசு குடுத்தாலும் வாரத்துக்கு ஒருதரம்தான்" என்று இன்னொருத்தி. சிரிப்பு. நல்ல சிரிப்பு, தொண்டை இளகுகிற சிரிப்பு. இப்போது மினோருவின் அம்மா வருகிறாள், வாளியோடு. இதோ முதல் பெண் குரல். குரலை உயர்த்தப் போனார். உயர்த்தாதீங்க, தாழ்த்துங்க, பொம்பளைக் குரல் உசரத்துல இல்ல, நிதானத்துல இருக்கு, ஒரு பாத்திரத்தைக் கழுவிக்கிட்டே பேசுற மாதிரிப் பேசுங்க. இதைச் சொர்ணம் எப்போது சொன்னாள்? அடுப்பங்கரையில் கழுவிக்கொண்டே சொன்னாள், கையிலிருந்து சோப்பு நுரை வழிந்து முழங்கைக்குப் போனது, அதை முந்தானையில் துடைத்தாள், பச்சை முந்தானை. "மினோரு, செருப்பை வாசல்லயே விடு." சொல்லிவிட்டார். யாரும் சிரிக்கவில்லை. சிரிக்காதது நல்லதா கெட்டதா தெரியவில்லை. பட்டாணி கடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. பக்கம் ஐந்து. ஆறு. பக்கத்தைத் திருப்பும்போது ஓரத்தில் அவள் போட்ட குறிகள் வந்தன, மூச்சு விடுகிற இடத்துக்கு ஒரு சின்ன வட்டம், சிரிப்புக்கு ஒரு கோடு. அந்த வட்டத்தில் மூச்சு விட்டார். அவள் விடச் சொன்ன இடத்தில் விட்ட மூச்சு சரியாகத்தான் இருந்தது.

தெத்சு தண்டவாளத்தோரம் என்ஜினிலிருந்து உதிர்ந்த கரியைப் பொறுக்குகிறான். பொறுக்கின கரியைக் குளிப்புக் கடைக்குக் கொண்டுவந்து போடுகிறான். அதற்குப் பதிலாக, கடை சாத்தப் போகிற நேரத்தில், மிச்சமிருக்கிற தண்ணீரில் அவனும் அவன் அம்மாவும் தங்கச்சியும் குளித்துக்கொள்ளலாம். "கடைசித் தண்ணியிலயா?" என்று ஒரு குரல். "சுடுதண்ணிதானடி, விடு." பள்ளிக்கூட வாசலில் பையன்கள் அவனைச் சுற்றி நின்று, மூஞ்சியில் அப்பின கரியைக் காட்டிக் கத்துகிறார்கள். தெத்சு நின்று திரும்புகிறான். இந்த இடம் சொர்ணத்துக்குப் பிடித்த இடம், இதற்காகவே இந்தப் படத்தை எடுத்தார்கள். குருவையா மைக்கைக் கிட்டே இழுத்தார். "நீங்க குளிக்கிற தண்ணி என் கரியிலதாண்டா சுடுது!" பாயிலிருந்து ஒரு விசில். அடித்தது யாரோ ஒரு பாட்டி வயசுக்காரி. "அப்படிச் சொல்லு ராசா" என்றாள். அவருக்குக் காது சூடானது. இதேபோல் ஒருவன் நின்று திரும்பியிருக்கிறான், இவ்வளவு வார்த்தை இல்லாமல். அமெரிக்கக் கோதுமைச் சாக்கில் தைத்த புத்தகப் பை, பையில் கை குலுக்குகிற படம், வகுப்பு முழுக்க அந்தக் கையைப் பிடித்துக் குலுக்கிக் குலுக்கி அவனைக் கேலி செய்ய, அவன் பையைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டி, "ஒங்க பையில கையிருக்காடே?" என்று கேட்டுவிட்டு நடந்தான், முதுகை நிமிர்த்திக்கொண்டு, அரைக்கால் சட்டையில் இரண்டு ஒட்டு, ஒட்டு இரண்டும் வெவ்வேறு நிறம். திரையில் தெத்சு நடக்கிறான், மினோரு பின்னாலேயே ஓடி வாயைத் திறக்கிறான், குருவையாவும் வாயைத் திறந்தார். "பால்வண்ணம், நில்லுடே! நானும் வாரேன்!"

சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. நோட்டில் தெத்சு என்றுதான் இருக்கிறது, தன் கையெழுத்து, கொட்டை எழுத்து. மைக் வழியாகப் போனதைத் திரும்ப வாங்க முடியாது. "அது யாரு அண்ணாச்சி, பால்வண்ணம்?" குருபாக்கியம்தான். படம் நிற்காது, அடுத்த வசனம் வந்துகொண்டிருக்கிறது. ஜெயசீலன் கடைசி வரிசையில் கைகட்டி உட்கார்ந்திருக்கிறார், அவருடைய கண்ணாடி மின்னுகிறது. "அந்தப் பையன்தாம்மா. அவன்தான்" என்று மைக்கிலேயே சொல்லிவிட்டு அடுத்த வரிக்குத் தாவினார். "அப்ப அப்படியே கூப்பிடுங்க. அந்தப் பேரு வாயில நிக்கல" என்றாள் அவள். நாலைந்து பேர் ஆமாம் போட்டார்கள். அன்றைக்கு ஜப்பான் தேசத்தில் ஒரு பையனுக்குப் பால்வண்ணம் என்று பெயர் வைத்தாகிவிட்டது. சொர்ணம் இருந்திருந்தால் மேசைக்கடியில் தொடையில் கிள்ளியிருப்பாள். ஏன் அந்தப் பெயர் வந்தது? நேற்று போனில் பேசினதால் வந்ததா, ஐம்பத்தெட்டு வருஷமாக நாக்கிலேயே இருந்ததால் வந்ததா? பால்வண்ணம் செத்தொன்றும் போகவில்லை. பிலாயில் உருக்காலையில் இருந்து ஓய்வு பெற்று, மூத்த மகனோடு இருக்கிறான், தீபாவளிக்குத் தவறாமல் போன் பண்ணுவான், இந்தி கலந்து பேசுவான். நேற்று இவர்தான் போட்டார். எப்படிக் கேட்பதென்று தெரியாமல் நேராகவே கேட்டுவிட்டார். "ஒங்க வீட்டுல ஒருநா சாப்பிட்டேன்லடே, எடைமேடை வீட்டுல. அப்ப ஒங்கம்மாகிட்ட நீங்க சாப்பிடலயான்னு கேட்டேன். அவ என்ன சொன்னான்னு ஞாபகமிருக்கா?" அந்தப் பக்கம் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. "அம்பத்தெட்டு வருசம் கழிச்சுக் கேக்குற கேள்வியாடா இது? அம்மா தினமும் ஒண்ணு சொல்லுவா. இன்னைக்குச் சொன்னதை நாளைக்குச் சொல்ல மாட்டா. எதுன்னு ஞாபகம் வைக்க? நீ ரெண்டாந்தட்டு கேட்டது மட்டும் நல்லா ஞாபகமிருக்கு, படுபாவி." சொல்லிவிட்டு இருமல் வரும்வரை சிரித்தான். இவரும் சிரித்தார். வைத்த பிறகு தண்ணீர் குடிக்கப் போய், செம்பைக் கையில் பிடித்துக்கொண்டு குடிக்காமல் நின்றார்.

இரண்டாம் தட்டு. பக்கம் முப்பத்தொன்பது, பெண் குரல் மூன்று வரி, பேசியாகிவிட்டது, எப்படிப் பேசினார் என்று அவருக்கே தெரியவில்லை. வாய் ஒரு பக்கம் போகிறது, மனசு எடைமேடைக்குப் போய்விட்டது. மூடிக்கிடந்த ஜின்னிங் பேக்டரியில் பருத்தி வண்டியை நிறுத்தி எடை போடுகிற கொட்டகை, அதுதான் பால்வண்ணம் வீடு. தரை முழுக்க இரும்புத் தகடு. உள்ளே கால் வைத்தால் தரை லேசாக இறங்கும், டொக் என்று ஒரு சத்தம் வரும். ஆள் வந்தது அவனுடைய அம்மாவுக்கு அந்தச் சத்தத்திலேயே தெரியும், யார் வந்ததென்றும் தெரியும். ஒப்பனையம்மாள். மலையடிவாரத்தில் ஜல்லி உடைக்கிறவள். இடது கை விரல் நுனியெல்லாம் சாக்குத் துணி சுற்றியிருக்கும். "யாரு, மில்லுக்காரர் மகனா? வா வா, நேரத்துக்கு வந்தே" என்றாள். குருணைக் கஞ்சி, கொள்ளில் அரைத்த கானத் துவையல். அலுமினியத் தட்டு ஒரு பக்கம் நசுங்கி, அந்த நசுங்கலில் கஞ்சி குளம்போலத் தேங்கும். இவர் வீட்டில் அன்றைக்கும் சோறு இருந்தது, குழம்பு இருந்தது. இவர் பசித்துப் போகவில்லை. பத்து வயசு. துவையல் அப்படி ஒரு ருசி. "இன்னும் கொஞ்சம் அத்தை" என்று தட்டை நீட்டினார். அவள் திரும்பிக்கொண்டு சட்டியைச் சாய்த்து வழித்தாள், அகப்பை அடிச்சட்டியில் உரசுகிற சத்தம், சர்ர், சர்ர், இரண்டு தரம். அந்தச் சத்தத்துக்கு அர்த்தம் அவருக்குத் தெரிந்தது கல்யாணமாகி, சொர்ணம் அவரிடம் முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு மாசக்கடைசியில் அதேபோல் வழித்தபோதுதான். அன்றைக்கு அவர் எழுந்துபோய்ச் சட்டியைப் பார்த்தார். பார்த்துவிட்டுத் தன் தட்டிலிருந்து பாதியை எடுத்து அதற்குள் போட்டார். அன்று ராத்திரி எல்லாவற்றையும் சொர்ணத்திடம் சொன்னார், உலகத்தில் அவளிடம் மட்டும். ஆனால் பத்து வயசில் எழுந்துபோய்ப் பார்க்கவில்லை. "நீங்க சாப்பிடலையா அத்தை?" என்று கேட்டது சத்தியம். கேட்டுக்கொண்டே தின்றதும் சத்தியம். ஒப்பனையம்மாள் திரும்பினாள், வியர்வையில் நெற்றிக் குங்குமம் ஓடியிருந்தது, வாய் அசைந்தது. அதுவரைக்கும் எல்லாம் இருக்கிறது. விரல் துணி, நசுங்கல், துவையலில் கடிபட்ட ஒரு சின்னக் கல், வெளியே ஒரு கழுதை கத்தினது. வாய் அசைகிறது, சத்தம் மட்டும் இல்லை. திரையில் இருக்கிற தெத்சுவின் அம்மாவைப் போலவே. அந்த வார்த்தை கிடைத்தால் இந்த வரிக்குப் போட்டுவிடலாம். கிடைக்காமல் போனால் இங்கிலீஷ்காரன் எழுதினதைத்தான் சொல்ல வேண்டும், சமைக்கும்போதே சாப்பிட்டேன் என்று, இத்தனை அம்மாக்கள் உட்கார்ந்திருக்கிற இடத்தில், ஒரு மீசைக்காரன் குரலில். சொர்ணம் அடிக்கச் சொன்னதை, அவள் இல்லை என்றதும் எடுத்துச் சொன்ன மாதிரி ஆகும். பக்கம் நாற்பத்திரண்டு. மினோரு ரயில்பெட்டிக்குள் ஏறிவிட்டான். முதல்தடவையாகத் தோழன் வீட்டுக்கு வருகிறான், புதுச் செருப்பைக் கழற்றி எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே வைத்திருக்கிறான். தெத்சுவின் தங்கச்சி அந்தச் செருப்பை வாங்கி மடியில் வைத்துக்கொள்கிறாள். அடுப்பில் பாத்திரம். மூடியைத் தூக்குகிறாள் அவன் அம்மா. ஆவி.

பக்கத்தைத் திருப்பினார். இரண்டு கிண்ணம், இரண்டே கிண்ணம், தங்கச்சிக்குத் தெத்சுவின் கிண்ணத்தில்தான் பங்கு. மூன்றாவது கிண்ணம் கவிழ்த்தபடியே இருக்கிறது. கேமரா அதைக் காட்டிவிட்டு அவசரமில்லாமல் நகர்கிறது. தெத்சு நிமிர்ந்து பார்க்கிறான். "அம்மா, உனக்கு?" இதைப் பேசிவிட்டார். நல்லாவே பேசிவிட்டார், பத்து வயசுக் குரல் எங்கிருந்தோ வந்தது. இப்போது அவள். திரையில் அவள் வாய் அசைகிறது. விரல் வெற்று வரியில் நிற்கிறது. மைக்கில் அவருடைய மூச்சு கேட்கிறது, கூடம் முழுக்கக் கேட்கிறது, ஒரு மூச்சு, இன்னொரு மூச்சு. சொர்ணம், இப்பச் சொல்லேன். நல்லா ஒண்ணு வச்சிருக்கேன்னியே. மதிப்பெல்லாம் இருக்கட்டும், இப்பச் சொல்லு. கவிழ்த்த கிண்ணம், அகப்பை, சர்ர், பிளாஸ்க், படிக்கட்டு, ஜெயசீலன் கண்ணாடியைக் கழற்றுகிறார், எழுந்திருக்கப் போகிறார், முடிந்தது, எல்லாம் முடிந்தது என்று நினைத்தபோது மூன்றாவது பாயிலிருந்து ஒரு குரல் வந்தது. கத்தலில்லை, கூப்பாடில்லை, கையில் வேலையோடு இருக்கிறவள் பேசுகிற நிதானம். "எனக்கு வயித்துல பொருமலா இருக்குப்பா. நீ தின்னு." குருபாக்கியம். அவள் திரையைப் பார்த்துக்கொண்டே சொல்கிறாள், திரையில் இருக்கிறவளும் அந்த நேரத்துக்குத்தான் தலையை ஆட்டுகிறாள். யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு முடிவதற்குள் பின்னாலிருந்து, "இன்னைக்குச் செவ்வாக்கிழமைல்ல, நான் ஒருபொழுது" என்றாள் இன்னொருத்தி. "செவ்வாயாம், ஜப்பான்ல!" "எங்க இருந்தாலும் செவ்வா செவ்வாதானடி." ஜன்னல் பக்கத்திலிருந்து, "வார வழியில வடை தின்னேன், அது நெஞ்சுலயே நிக்குது." "அடுப்புல இன்னும் கெடக்கு, நீ பாக்காத, தின்னு." "எனக்குப் பல்லு வலி." "பொய், உனக்குப் பல்லே கெடையாது." விசில் அடித்த வயசானவள், எல்லோருக்கும் கடைசியாக, மெதுவாக, "புகையைக் குடிச்சே வயிறு நெறஞ்சுபோச்சு ராசா" என்றாள். ஒவ்வொருத்தியும் ஒன்று சொன்னாள், ஒருத்தி சொன்னதை இன்னொருத்தி சொல்லவில்லை. கூடம் முழுக்க அம்மாக்கள் பொய் சொல்லிக்கொண்டிருந்தார்கள். சிரிப்பும் மூக்குறிஞ்சலும் ஒன்றாகக் கேட்டன. திரையில் மினோரு கிண்ணத்தைப் பாதியில் வைத்துவிட்டு, "எனக்குப் போதும், வயிறு நிறைஞ்சிருச்சு" என்று சொல்லிக் கிண்ணத்தைத் தெத்சுவின் அம்மா பக்கம் தள்ளுகிறான். அந்த வசனம் நோட்டில் இருக்கிறது. குருவையா அதைப் பார்க்காமலே சொன்னார். தட்டைத் தள்ளாமல் நீட்டின பையனுக்கும் சேர்த்துச் சொன்னார், ஐம்பத்தெட்டு வருஷம் பிந்தி, மைக் வைத்து, அறுபது பேர் கேட்க. ஒப்பனையம்மாள் அன்று சொன்னது இதில் ஏதோ ஒன்றுதான். எதுவாக இருந்தாலும் இந்தக் கூடத்தில் இப்போது சொல்லியாகிவிட்டது. சொர்ணம் வைத்திருந்ததும் இதற்குள் இருக்கும், இல்லாமல் எங்கே போகும். மார்பில் எதுவோ ஒன்று, தரைத் தகடு மாதிரி, டொக் என்று மேலே எழும்பியது.

குருபாக்கியம் எழுந்து வந்துவிட்டாள். குனிந்து குனிந்து, மற்றவர்களுக்கு மறைக்காமல் வந்து, ஸ்டூலில் உட்கார்ந்து, முந்தானையால் முகத்தை ஒரு இழுப்பு இழுத்தாள். "நகருங்க அண்ணாச்சி. அந்தம்மாக்கு மிச்சத்தை நான் படிக்கேன். ஆள் படிக்கிற மாதிரி எழுதியிருக்கீங்களா, இல்ல டாக்டர் சீட்டா?" அவர் நோட்டை நடுவுக்கு நகர்த்தினார். எங்கே தொடங்குவதென்று பென்சிலால் மேசையில் ஒரு தட்டு தட்டினார். முதல் தட்டுக்கு அவள் பிந்தினாள், இரண்டாவதற்கு முந்தினாள், மூன்றாவதிலிருந்து பிசகவில்லை. ஓரத்தில் இருக்கிற சின்ன வட்டம் என்ன என்று கண்ணாலேயே கேட்டாள். மூச்சு, என்று அவர் கையைக் காட்டினார். சில இடத்தில் நோட்டை விட்டுவிட்டு அவளாகவே பேசினாள். குளிப்புக் கடைக்காரர் இரக்கப்பட்டு ஒரு மூட்டை அரிசியை ரயில்பெட்டி வாசலில் இறக்கும்போது, "எடுத்துட்டுப் போங்க, எம்பிள்ளை கரிக்குச் சுடுதண்ணி போதும்" என்று ஒரு போடு போட்டாள். நோட்டில் 'நன்றி, வேண்டாம்' என்று மட்டும்தான் இருந்தது. பாயில் கைதட்டினார்கள். கடைசியில் ஒருநாள் என்ஜின் வந்து அந்தப் பழைய பெட்டியைக் கோத்து இழுத்துக்கொண்டு போகிறது, எங்கே என்று படத்தில் சொல்வதில்லை, வீடே அப்படியே நகர்கிறது, கொடியில் துணி ஆடுகிறது. மினோரு தண்டவாளத்தோரம் ஓடுகிறான். குருவையா, "தெத்சு!" என்று தொடங்கினார். கூடமே அவரைத் திருத்தியது. "பால்வண்ணம்! பால்வண்ணம்!" பெட்டி வாசலில் நின்று தெத்சு இரண்டு கையாலும் கரியை அள்ளி வானத்துக்கு எறிகிறான், சிரிக்கிறான், பல் மட்டும் வெள்ளை. அவன் அம்மா அவன் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டு நிற்கிறாள், விழுந்துவிடாமல். அவளுக்கு அந்த இடத்தில் வசனமே இல்லை. இருந்தும் குருபாக்கியம் மைக்கை இழுத்து, "போயிட்டு வாரோம், எல்லாரும் வாரோம்!" என்று கத்தினாள். விளக்குப் போட்டபோது யாரும் எழுந்திருக்கவில்லை. முகமெல்லாம் நனைந்திருந்தது, முகமெல்லாம் பல்லாகவும் இருந்தது. நெஞ்சு நிறைந்து போய் உட்கார்ந்திருந்தார் அவர், ஜெயித்துவிட்டோம் சொர்ணம் என்று சொல்லத் தோன்றியது, சத்தமாகச் சொல்லியும்விட்டார் போலிருக்கிறது, குருபாக்கியம், "பெறவு, இல்லாமலா?" என்றாள்.

ஜெயசீலன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே வந்தார். "அண்ணாச்சி, அடுத்த மாசம்..." என்று ஆரம்பித்தார். முடிக்க விடவில்லை அவர்கள். "அடுத்த மாசம் என்ன படம் சார்? அதுல எத்தனை பொம்பள?" ஹங்கேரி தேசத்துப் படம், கல்யாண வீடு, பெண்களே ஏழு பேர் என்று அவர் சொல்லி வாய் மூடவில்லை. "மாமியார் எனக்கு. வீட்டுல கேட்டுக் கேட்டு நல்லாப் பழக்கம்." "அப்ப கல்யாணப் பொண்ணு நான்." "நீயா? உனக்குப் பேரன் பள்ளிக்கூடம் போறான்." "குரலுக்கு வயசு தெரியுமாடி?" விசில் அடித்த வயசானவள் தனக்கு மாப்பிள்ளைதான் வேண்டும் என்று பிடிவாதமாகச் சொல்லிவிட்டாள், ஆசைதீர ஒருத்தியை அதட்ட வேண்டுமாம். அண்ணன் தம்பிகளை ஜன்னல் பக்கத்துப் பாய்க்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். சமையல்காரருக்கும் பாதிரியாருக்கும் போட்டி வந்து சீட்டுக் குலுக்கினார்கள். ஜெயசீலன் பேனாவை எடுத்து எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, மேலேயும் கீழேயும் இரண்டு தரம் சரிபார்த்து, "அண்ணாச்சி, உங்களுக்கு..." என்று தாளைத் திருப்பிக் காட்டினார். தபால்காரர் ஒருவர்தான் மீதியிருந்தார். அவருக்கு மொத்தம் நான்கு வசனம்.